பாம்பு வந்தால் மட்டும்

சில வருடங்களுக்கு முன்பு, ஐப்பசி மழை விட்டிருந்த ஒரு காலையில், செங்கல்பட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் வீட்டுப் பின்பக்கம் ஒரு கண்ணாடிவிரியன் வந்து படுத்துக்கொண்டது. கட்டடம் கட்டியபோது மிச்சமான செங்கற்களை அங்கே அடுக்கி வைத்திருந்தோம். அம்மாதான் முதலில் பார்த்தார். குக்கர் விசில் வருவதற்கு முன்னால் ஒரு சத்தம் வருமே, அப்படி ஒரு சீறல். பாம்பென்றால் படையும் நடுங்கும் என்பார்கள். நாங்கள் மூன்று பேர்தான், நன்றாகவே நடுங்கினோம்.

பக்கத்து வீட்டு அண்ணன் பைக்கை எடுத்துக்கொண்டு போய், ஏரிக்கரையில் குடிசை போட்டிருக்கும் இருளர் பெரியவர் ஒருவரை ஏற்றிவந்தார். எழுபது வயதுக்குக் குறையாது. கையில் ஒரு குச்சி, இடுப்பில் மடித்துச் செருகிய துணிப்பை, அவ்வளவுதான். இரண்டு நிமிடம்கூட ஆகியிருக்காது, பாம்பு பைக்குள் போய்விட்டது. ஆனால் அவர் உடனே கிளம்பவில்லை. மதில் ஓரமாக மெதுவாக நடந்து ஒவ்வொரு பொந்தாகக் காட்டினார். "இதுல எலி இருக்கு சார், வாய் வழவழன்னு இருக்கு பாருங்க. இதுல ஒண்ணும் இல்ல, நூலாம்படை கட்டியிருக்கு. அந்தக் கல்ல எடுத்துருங்க. அரிசி, தவிடு எதையும் வெளிய வைக்காதீங்க. எலி வந்தா அது பின்னாலயே இது வரும். மத்தபடி அதுக்கு உங்க மேல என்ன கோவம்?"

நான் எல்லாவற்றையும் போனில் படம் பிடித்துக்கொண்டிருந்தேன். எனக்கு அப்போது இருபத்திமூன்று வயது. அவர் என்னை 'சார்' என்றார். அம்மா அவரை, "ஏம்ப்பா, நீ எவ்ளோ கேக்குற?" என்றார். தண்ணீர் கேட்டார். குழாயடியில் கிடந்த பிளாஸ்டிக் மக்கை அலசி அதில் கொடுத்தோம். அவர் வாங்கி அண்ணாந்து குடித்துவிட்டு, மக்கை மறுபடி குழாயடியிலேயே கவிழ்த்து வைத்தார். எங்கே வைக்க வேண்டும் என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை.

அன்று மாலை வீடியோவை 'ரியல் ஹீரோ' என்று எழுதிப் போட்டேன். நிறைய இதயங்கள் வந்தன. கமெண்டில் ஒருவர், "அவர் பேர் என்ன ப்ரோ?" என்று கேட்டிருந்தார். எனக்குத் தெரியவில்லை. நான் கேட்கவே இல்லை.

இந்தக் கட்டுரை அந்தக் கமெண்டுக்குத் தாமதமாக எழுதும் பதில் என்று வைத்துக்கொள்ளலாம்.

*

அந்தப் பெரியவரிடம் இருந்த அறிவு எப்பேர்ப்பட்டது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

இந்தியாவில் பாம்புக்கடியால் நடக்கும் மரணங்களைப் பற்றி 2020ல் ஒரு பெரிய ஆய்வு வெளிவந்தது. 2000 முதல் 2019 வரையிலான இருபது ஆண்டுகளில் ஏறக்குறைய 12 லட்சம் பேர் இறந்திருக்கிறார்கள் என்பது அதன் மதிப்பீடு. ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர். பெரும்பாலும் கிராமத்து மனிதர்கள், பெரும்பாலும் மழைக்காலத்தில். இவ்வளவு பேர் இறக்கும் ஒன்றை உலக சுகாதார நிறுவனம் 'கவனிக்கப்படாத வெப்பமண்டல நோய்' என்று பட்டியலில் சேர்த்ததே 2017ல்தான்.

பாம்புக்கடிக்கு மருந்து பாம்பின் நஞ்சிலிருந்துதான் வருகிறது. சிறிய அளவில் நஞ்சைக் குதிரைக்குச் செலுத்துகிறார்கள். குதிரையின் உடல் அதற்கு எதிர்ப்பொருளை உண்டாக்குகிறது. குதிரையின் ரத்தத்திலிருந்து அதைப் பிரித்தெடுத்தால் நஞ்சுமுறி மருந்து. இதற்கு நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் என்ற நான்கு பாம்புகளின் நஞ்சு வேண்டும். இந்தியாவின் மருந்து நிறுவனங்களுக்குப் போகும் நஞ்சில் மிகப் பெரும்பகுதி ஒரே இடத்திலிருந்து போகிறது. மாமல்லபுரம் போகும் வழியில் வடநெம்மேலியில், முதலைப் பண்ணை வளாகத்துக்குள் இருக்கும் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் அது. தொடங்கப்பட்டது 1978ல்.

பிடித்துவந்த பாம்பை மண்பானையில் போட்டு வாயைத் துணியால் கட்டி வைக்கிறார்கள். மூன்று வார காலத்தில் நான்கு முறை நஞ்சு எடுக்கிறார்கள். பிறகு வயிற்றுச் செதிலில் சின்னதாக ஓர் அடையாளம் வெட்டி, பாம்பை வெளியே கொண்டுபோய் விட்டுவிடுகிறார்கள். அதே பாம்பு மறுபடி அகப்பட்டால் அடையாளத்தைப் பார்த்து விட்டுவிடலாம். நீங்கள் குமரியிலோ காசியிலோ பாம்பு கடித்துப் பிழைத்திருந்தால், உங்கள் உடம்பில் ஏறிய மருந்துக்குப் பின்னால் காஞ்சிபுரம், செங்கல்பட்டு வயல் வரப்புகளில் நடந்த ஓர் இருளரின் கால்கள் இருப்பதற்கு வாய்ப்பு மிக அதிகம்.

2017 ஜனவரியில் இருளர்கள் இரண்டு பேர் அமெரிக்காவின் ஃபுளோரிடாவுக்கு அழைக்கப்பட்டார்கள். மாசி சடையன், வடிவேல் கோபால். வளர்ப்புப் பிராணிகளாக வந்து காட்டில் பரவிய பர்மிய மலைப்பாம்புகள் அங்கே உள்ளூர் விலங்குகளைத் தின்று தீர்த்துக்கொண்டிருந்தன. முந்தைய ஆண்டு நடந்த மலைப்பாம்பு வேட்டைப் போட்டியில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் கலந்துகொண்டு, ஒரு மாதத்தில் 106 பாம்புகளைப் பிடித்திருந்தார்கள். இவர்கள் இரண்டு பேரும் ஏறக்குறைய நான்கு வாரங்களில் 27 பாம்புகளைப் பிடித்தார்கள். அந்த ஊர் மண்ணும் புதிது, பாம்பும் புதிது. 2023ல் இருவருக்கும் பத்மஸ்ரீ கிடைத்தது.

பெருமையாக இருக்கிறது அல்லவா? எனக்கும் இருந்தது. ஆனால் பெருமைப்படும் இடத்தில்தான் சிக்கல் தொடங்குகிறது என்று இப்போது நினைக்கிறேன்.

*

பழங்குடிகளைப் பற்றி நம்மைப் போன்றவர்கள் பேசும்போது ஒரு வாக்கியம் தவறாமல் வரும்: 'அவர்கள் இயற்கையோடு இயைந்து வாழ்கிறவர்கள், இயற்கையின் காவலர்கள்.' கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இருளர்களின் வரலாறு இந்த வாக்கியத்துக்குள் அடங்காது.

1978க்கு முன்னால் சமவெளி இருளர்கள் பலரும் பாம்பு பிடித்தது தோலுக்காக. நாகம், சாரை என்று பிடித்து, கொன்று, உரித்து, தோலை வியாபாரிகளிடம் விற்றார்கள். அந்தத் தோல் பதனிடப்பட்டுக் கப்பலேறியது. வெளிநாட்டில் கைப்பையாகவும் செருப்பாகவும் ஆனது. லட்சக்கணக்கான பாம்புகள் அப்படிச் செத்தன. பொந்தின் வாயைப் பார்த்தே உள்ளே யார் இருக்கிறார் என்று சொல்லும் அதே கண், அதே கை. தோலுக்குக் கிடைத்ததோ சொற்பக் காசு. லாபம் முழுக்க வேறு இடத்தில் சேர்ந்தது.

1972ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. தொடர்ந்து தோல் ஏற்றுமதியும் தடை செய்யப்பட்டது. பாம்புகளைப் பொறுத்தவரை நியாயமான தடை. ஆனால் ஒரு சமூகமே ஒரே நாளில் பிழைப்பை இழந்தது. நேற்றுவரை தொழில் என்று இருந்தது இன்று குற்றம் ஆனது. அந்த நெருக்கடியில்தான், இருளர்களோடு பழகி அவர்களிடமே பாம்பைக் கற்றுக்கொண்ட ரோமுலஸ் விட்டேகர் போன்றவர்களின் முயற்சியில், நஞ்சு எடுக்கும் சங்கம் உருவானது.

இதில் நான் கவனிக்க விரும்புவது ஒன்றைத்தான். அறிவு மாறவில்லை. தோலுக்காகக் கொன்றபோதும் அதே அறிவுதான். நஞ்செடுத்துவிட்டு உயிரோடு விடும்போதும் அதே அறிவுதான். மாறியது, அந்த அறிவின் மறுமுனையில் நின்றுகொண்டிருந்த ஏற்பாடு. அங்கே ஏற்றுமதி வியாபாரி நின்றபோது பாம்பு செத்தது. கூட்டுறவுச் சங்கம் நின்றபோது பாம்பும் பிழைத்தது, மனிதர்களும் பிழைத்தார்கள்.

ஆக, பாரம்பரிய அறிவு தன்னாலேயே இயற்கையைக் காப்பாற்றிவிடும் என்பது சரியல்ல. அப்படிச் சொல்லும்போது மொத்தப் பாரத்தையும் அவர்கள் தலையில் ஏற்றிவிட்டு நாம் நகர்ந்துவிடுகிறோம். அந்த அறிவு எதற்குப் பயன்படும் என்பதில் பாதி நம் கையில் இருக்கிறது. நாம் எதை வாங்குகிறோம், எதைத் தடை செய்கிறோம், தடை செய்தபின் அந்த மனிதருக்கு என்ன வழி வைக்கிறோம் என்பதில் இருக்கிறது.

அதே சமயம், அறிவுக்கும் அக்கறைக்கும் சம்பந்தமே இல்லை என்றும் சொல்ல முடியாது. 'அதுக்கு உங்க மேல என்ன கோவம்?' என்று பெரியவர் கேட்டாரே, அந்தக் கேள்வி எங்கள் மூவரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. பயத்தில் இருந்தோம். பயந்தவனுக்குத் தெரிந்த ஒரே வழி அடிப்பது. பாம்பு ஏன் வந்தது என்று தெரிந்தவருக்குக் கல்லை எடுத்து வைப்பது என்ற இன்னொரு வழியும் தெரிகிறது. அறிவு இருந்தால் அக்கறை வந்துவிடும் என்று உத்தரவாதம் இல்லை. ஆனால் அறிவே இல்லாத இடத்தில் அக்கறைக்கு நிற்க இடமில்லை.

*

இப்போது எனக்கு உண்மையிலேயே கஷ்டமாக இருக்கும் கேள்விக்கு வருகிறேன். 'அவர்கள் இவ்வளவு பயனுள்ளவர்கள், அதனால் அவர்களை மதிக்க வேண்டும்' என்று சொல்வது சரியா?

மேலே நானே அப்படித்தான் எழுதினேன். 58,000 மரணங்கள், நஞ்சுமுறி மருந்து, ஃபுளோரிடா, பத்மஸ்ரீ. உங்களை மதிக்க வைப்பதற்காக ஒரு பயன்பாட்டுப் பட்டியல் போட்டேன். அரசியலில் இந்த வாதத்துக்கு ஒரு பலன் உண்டு. கோப்புகள் நகர்வதே இப்படிச் சொன்னால்தான். அதை நான் மறுக்கவில்லை.

ஆனால் ஒன்றை யோசித்துப் பாருங்கள். பாம்பே தேவைப்படாமல் ஆய்வுக்கூடத்திலேயே எதிர்ப்பொருளைத் தயாரிக்கும் ஆய்வுகள் உலகில் பல இடங்களில் நடக்கின்றன. நாளை அது வெற்றிபெற்றுவிட்டது என்று வைத்துக்கொள்வோம். வடநெம்மேலியின் மண்பானைகளுக்கு வேலை இல்லை. அன்றைக்கு அந்த ஏரிக்கரைக் குடிசைக்குப் பட்டா கேட்கும் உரிமை குறைந்துவிடுமா? அந்தக் குழந்தைக்கு சாதிச் சான்றிதழ் கேட்கும் உரிமை போய்விடுமா? குறையாது என்று உடனே சொல்லுவீர்கள். அப்படியென்றால் அந்த உரிமைக்கும் பயனுக்கும் முதலிலிருந்தே சம்பந்தம் இல்லை. பயன் இருக்கும்வரை கிடைக்கும் மதிப்பு, மதிப்பு அல்ல. அது கூலி. வேலை முடிந்தால் கூலி நின்றுவிடும்.

'ஜெய் பீம்' படம் பார்த்திருப்பீர்கள். அதில் ராசாகண்ணுவை ஊர்ப் பெரிய வீட்டுக்குப் பாம்பு பிடிக்கக் கூப்பிடுகிறார்கள். பிடித்துக் கொடுக்கிறான். சில நாளில் அந்த வீட்டில் நகை திருடு போகிறது. உடனே சந்தேகம் அவன் மேல், ஏனென்றால் அவன் வீட்டுக்குள் வந்துபோனவன். (படத்துக்கு அடிப்படையான 1993ன் உண்மைச் சம்பவத்தில் பாதிக்கப்பட்டவர்கள் இருளர் அல்ல, குறவர் சமூகத்தினர். படம் அதை இருளர் வாழ்க்கையாக மாற்றிச் சொன்னது.) காவல் நிலையக் காட்சிகளைப் பார்த்து நாம் எல்லோரும் அழுதோம். என்னை அதிகம் தொந்தரவு செய்வது அதற்கு முந்தைய அந்த எளிய கணக்குதான். பாம்பு வந்தால் அவன் வீட்டுக்குள் வரலாம். பாம்பு போன பிறகு, அவன் வந்ததே குற்றத்துக்குச் சாட்சி. அவனுடைய அறிவுக்குக் கதவு திறந்தது, அவனுக்குத் திறக்கவில்லை.

எங்கள் வீட்டு பிளாஸ்டிக் மக்கும் அதே கணக்கில்தான் வருகிறது. அம்மா கெட்டவர் இல்லை. தெருநாய்க்குக்கூடத் தட்டில் சோறு வைப்பார். இதை எழுதும்போதுதான் அந்த வாக்கியத்தின் பயங்கரம் எனக்கே உறைக்கிறது.

*

சட்டம் இதை எப்படிப் பார்க்கிறது? 2006ன் வன உரிமைச் சட்டம், பல்லுயிர் சார்ந்த பாரம்பரிய அறிவின் மீது சமூகத்துக்கு உரிமை உண்டு என்று தெளிவாகவே சொல்கிறது. நல்ல விஷயம். ஆனால் அது காட்டில் வாழ்கிறவர்களுக்கான சட்டம். செங்கல்பட்டு, திருவள்ளூர், விழுப்புரம் பக்கத்துச் சமவெளி இருளர்களில் பலர் இருப்பது ஏரிக்கரையிலும் புறம்போக்கிலும். அவர்களுடைய 'காடு' என்பது அடுத்தவரின் வயல் வரப்பு, சவுக்குத் தோப்பு, முள் புதர். அறுவடை முடிந்த வயலில் எலிப் பொந்தைத் தோண்டி, எலியையும் அது சேர்த்துவைத்த நெல்லையும் எடுத்துக்கொள்வது அவர்களுடைய பழைய பிழைப்புகளில் ஒன்று. அந்த நிலத்தில் அவர்களுக்குப் பெயர் இல்லை. வரப்பு பிளாட் ஆகும்போது யாரும் அவர்களைக் கேட்பதில்லை. எங்கள் வீடும் அப்படி ஒரு பிளாட்தான்.

அரிசி ஆலைகளிலும் செங்கல் சூளைகளிலும் கொத்தடிமைகளாக இருந்து மீட்கப்பட்டவர்களில் இருளர்கள் எத்தனை பேர் என்பதைச் செய்தித்தாள் படிக்கிற யாருக்கும் சொல்லத் தேவையில்லை. ஒரு பக்கம் பத்மஸ்ரீ, மறுபக்கம் சூளை. இரண்டும் ஒரே சமூகத்துக்கு, ஒரே காலத்தில்.

சரி, அறிவையாவது பதிவு செய்து காப்பாற்றிவிடலாமே என்று சிலர் சொல்வார்கள். வீடியோ எடுக்கலாம், புத்தகம் போடலாம், செயலி செய்யலாம். இதற்கு ஒரு பழைய உதாரணம் உண்டு. 1987ல் அகத்தியமலைக் காட்டில், கேரளப் பகுதியின் காணி மக்கள் வழிகாட்ட, விஞ்ஞானிகள் சிலர் நடந்துபோனார்கள். கூட வந்த காணிகள் களைப்பே இல்லாமல் நடந்தார்கள். அவ்வப்போது ஏதோ ஒரு காயைத் தின்றுகொண்டிருந்தார்கள். அதுதான் ஆரோக்கியப் பச்சை. அதிலிருந்து 'ஜீவனி' என்ற மருந்து உருவானது. 1995ல் உரிமம் ஓர் ஆயுர்வேத நிறுவனத்துக்குப் போனது. உரிமத் தொகையிலும் பங்குத் தொகையிலும் பாதி காணிகளுக்கு என்று முடிவானது. 1997ல் அதற்காக ஓர் அறக்கட்டளையும் அமைந்தது. அறிவுக்குப் பங்கு கொடுத்த முன்னோடி ஏற்பாடாக உலகமே அதைப் பேசியது, பேச வேண்டியதும்தான். இருந்தாலும் பொட்டலத்துக்குள் போனது ஒரு செடியின் குணம் மட்டும். எந்த நிழலில் அது நிற்கும், எப்போது பறிக்கலாம், எவ்வளவு விட்டுவைக்க வேண்டும் என்பது காட்டில் நடக்கிறவரின் காலில்தான் இருந்தது.

கில்பர்ட் ரைல் என்ற தத்துவவாதி 1949ல் வெளிவந்த நூலில் ஒரு வேறுபாட்டை விளக்கினார். ஒன்றைப் பற்றி அறிந்திருப்பது வேறு, ஒன்றைச் செய்ய அறிந்திருப்பது வேறு. முதலாவதை எழுதி வைக்கலாம். நீச்சலைப் பற்றி ஆயிரம் பக்கம் எழுதலாம், படித்தவர் தண்ணீரில் மூழ்கத்தான் செய்வார். 'பொந்து வாய் வழவழப்பாக இருந்தால் எலி இருக்கிறது' என்று நான் மேலே எழுதிவிட்டேன். இப்போது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆனால் நம்மில் யாரும் அந்தப் பொந்துக்குள் கையை விடமாட்டோம். எத்தனை வழவழப்பு, எந்த மண்ணில், எந்த மாதத்தில் என்பதெல்லாம் பத்து வயதில் அப்பன் பின்னாலும் ஆத்தா பின்னாலும் நடந்து நடந்து வந்தது. நடக்க நிலமும், நடக்கும் பிள்ளையும் இல்லாவிட்டால் அந்த அறிவு இல்லை.

*

அந்தப் பிள்ளையைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அடுத்த மழைக்காலத்தில் பாம்பு வரவில்லை. நானாகத்தான் ஏரிக்கரைக்குப் போனேன். பெயர் கேட்காத குறை உறுத்திக்கொண்டே இருந்தது. பெரியவர் மாசி மகத்துக்கு மாமல்லபுரம் போவதைப் பற்றிச் சொன்னார். அந்தப் பௌர்ணமியில் இருளர்கள் கடற்கரையில் கூடுவார்கள், கன்னியம்மனைக் கும்பிடுவார்கள், மணலிலேயே கல்யாணங்கள் நடக்கும். "எங்க கல்யாணமும் அங்கதான் சார்" என்றார். "சார் வேணாம் தாத்தா, தம்பின்னு கூப்பிடுங்க" என்றேன். சிரித்தார். அப்புறமும் சார் என்றுதான் கூப்பிட்டார். ஒரு வார்த்தையை மாற்றச் சொல்லிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் நினைத்ததற்கு அந்தச் சிரிப்பே பதில்.

அவருடைய பேரன் அங்கே இருந்தான். ஒரு தொழிற்சாலையில் ஒப்பந்தத் தொழிலாளி. நான் கொஞ்சம் உணர்ச்சிவசப்பட்டு, "உங்க தாத்தா கிட்ட இருக்குறது எவ்ளோ பெரிய விஷயம் தெரியுமா, நீ கத்துக்கலன்னா அழிஞ்சிடும்ல?" என்று கேட்டேன். நானும் எத்தனை சுலபமாக 'நீ' போட்டேன் பாருங்கள்.

அவன் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். பிறகு சொன்னான்: "எனக்குப் புடிக்கத் தெரியும்ண்ணா. ஆனா வேணாம். பள்ளிக்கூடத்துல என்னைப் பாம்புன்னுதான் கூப்பிடுவாங்க. அவ்ளோ நல்ல விஷயம்னா நீங்க வந்து கத்துக்கலாமே?"

இன்றுவரை அதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. ஆனால் அவன் எதைக் கேட்டான் என்பது புரிகிறது. நமக்கு அந்த அறிவு வேண்டும், அதைச் சுமக்கும் ஆள் அவனாக இருக்க வேண்டும். நாம் நகரத்துக்குப் போவோம், நிரல் எழுதுவோம், இலக்கியம் படிப்போம். அவன் மட்டும் வரப்பிலேயே நின்று நமக்காகப் பாரம்பரியத்தைக் காப்பாற்ற வேண்டும். நம் தாத்தா செய்த தொழிலை நம்மில் எத்தனை பேர் செய்கிறோம்? நமக்கு விட்டுப்போக உரிமை உண்டென்றால் அவனுக்கும் உண்டு.

அப்படியானால் அந்த அறிவு அழிந்துபோகட்டும் என்று விட்டுவிடலாமா? கூடாது. ஆனால் 'நீ காப்பாற்று' என்று அவனிடம் சொல்லும் தகுதி நமக்கு இல்லை. தொடர்வது அவனுடைய தேர்வாக இருக்க வேண்டும். தேர்வு என்றால் இரண்டு கதவுகளும் திறந்திருக்க வேண்டும். இந்தப் பக்கம் பள்ளி, சான்றிதழ், நிரந்தர வேலை. அந்தப் பக்கம் பட்டா, நடக்க நிலம், பிடிக்க உரிமம், செய்யும் வேலைக்கு ஏற்ற பணம், கேலி இல்லாத பெயர். இன்று இரண்டுமே பாதி மூடிக் கிடக்கின்றன. முன்கதவு மூடியிருப்பதால் பின்கதவில் நிற்கிறவரைப் பார்த்து 'ஆஹா, பாரம்பரியத்தைக் கைவிடாதவர்' என்று நாம் கைதட்டுகிறோம்.

இரண்டும் திறந்த பிறகு அவன் கம்பெனிக்கே போனால், அதில் ஒரு பெரிய இழப்பு இருக்கும், அதற்காக நாம் வருந்தலாம். அவனைக் குறை சொல்ல முடியாது. அவனுடைய மகளோ மகனோ ஒருநாள், தாங்களாகவே, கர்வத்தோடு துணிப்பையை இடுப்பில் செருகிக்கொண்டு கிளம்பினால், அந்த அறிவு அப்போதுதான் உண்மையாகப் பிழைத்தது என்பேன்.

பெரியவரின் பெயரை இப்போது எனக்குத் தெரியும். அவர் கேட்டுக்கொள்ளாததால் இங்கே எழுதவில்லை. அம்மாவிடம் சொன்னேன். போன மாசியில் அவர் எங்கள் தெரு வழியாகப் போனபோது அம்மா வாசலில் நின்றுகொண்டு, கொஞ்சம் தயங்கி, பெயரைச் சொல்லி, "உள்ள வாங்க, தண்ணி குடிச்சிட்டுப் போங்க" என்றார். அவர் உள்ளே வரவில்லை, வேலை இருக்கிறது என்றார். எவர்சில்வர் டம்ளரை வாங்கி, வாசற்படியிலேயே நின்று, அண்ணாந்துதான் குடித்தார்.

அன்று எங்கள் வீட்டில் பாம்பு எதுவும் வந்திருக்கவில்லை.